ஆயிரத்திலா, பத்தாயிரத்திலா? புதுக் காரின் முதல் ஆயில்

கேள்வி: ஆவணியில் புதுக் கார் டெலிவரி எடுத்தோம். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். ஏழு வாரத்தில் 620 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரில் அம்மா வீட்டுக்குப் போய் வருவோம். முதல் இலவச சர்வீஸ் 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதம், இரண்டாவது 5,000 அல்லது ஆறு மாதம், மூன்றாவது 10,000 அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்று கையேட்டில் இருக்கிறது. ஆயில் மாற்றுவது மூன்றாவதில்தானாம். ஷோரூமிலும் அப்படியே சொல்கிறார்கள். பல வருடம் அம்பாசடர் ஓட்டிய என் மாமனார், ஆயிரத்திலேயே முதல் ஆயிலை இறக்காவிட்டால் இன்ஜின் போய்விடும் என்கிறார். தெரு முனை மெக்கானிக்கோ, "கொண்டாங்கக்கா, நல்ல கெட்டி ஆயிலா ஊத்தித் தர்றேன்" என்கிறார். என் கணவருக்கு ஷோரூம் சொன்னால் அதுதான் வேதம். யார் பேச்சைக் கேட்பது? தீபாவளி விடுமுறையில் கொடைக்கானல் போகும் திட்டம் வேறு இருக்கிறது. 

பி.கு.: ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருந்த ஆயில் இப்போதே பழுப்பாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்:

சகோதரி, ஆயில் விஷயத்துக்கு முன்னால் வேறொரு அவசரம் இருக்கிறது. ஏழு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். முதல் சர்வீஸுக்கு ஒரு மாதம் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். மீட்டரில் ஆயிரம் வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள் போல. அப்படிக் காத்திருக்கக் கூடாது. எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, தேதி தாண்டிய கூப்பனை ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டு, கிடைக்கிற முதல் நாளில் வண்டியை விடுங்கள். ஓரிரு வாரத் தாமதத்துக்குப் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு வாரண்டியில் ஏதாவது கேட்டுப் போய் நிற்கும்போது, சர்வீஸ் வரலாற்றில் ஓட்டை இருந்தால் பேச்சு நம் பக்கம் இருக்காது.

இனி ஆயில். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரத்தில் மாற்ற வேண்டாம். பத்தாயிரம் வரைக்கும் போகவும் வேண்டாம். ஆறாவது மாதம், அதாவது மாசியில், இரண்டாவது இலவச சர்வீஸுக்குப் போகும்போது ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அப்போது மீட்டரில் மூவாயிரம்கூடத் தாண்டியிருக்காது. இருந்தாலும் மாற்றுங்கள்.

உங்கள் மாமனார் சும்மா சொல்லவில்லை. அவர் வண்டி ஓட்டிய காலத்தில் அது சரியான பேச்சு. புது வண்டி எடுத்தால் பின் கண்ணாடியில் "ரன்னிங் இன்" என்று எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாக உருட்டிய காலம் அது. சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் கீறி வைத்திருப்பார்கள். ஆயில் தங்குவதற்காக அந்தக் கோடுகள். பிஸ்டன் ரிங்குகள் மேலும் கீழும் ஓடி, கோடுகளின் மேட்டைத் தேய்த்துச் சமன் செய்து, சுவரோடு பொருந்திக்கொள்ளும். ரிங் செட் ஆவது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். அப்படித் தேயும் இரும்புப் பொடி முழுக்க ஆயிலில்தான் வந்து சேரும். போதாக்குறைக்கு கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குள் இறங்கும். இத்தனையையும் தாங்க வேண்டிய ஆயிலோ அந்தக் காலத்து மினரல் ஆயில். அதைச் சீக்கிரமே இறக்கச் சொன்னவர்கள் வண்டியை அறிந்தவர்கள்.

இன்று அந்த மேட்டைத் தேய்க்கும் வேலையில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்புகிறார்கள். முதலில் கோடு கீறி, அப்புறம் அதன் உச்சிகளை மட்டும் தட்டையாக்கி விடுகிறார்கள். ரிங் செட் ஆவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறது. ஆயிலும் பெரும்பாலும் சிந்தெடிக். ஃபில்டரும் தலைமுடியின் தடிமனில் பாதி இருக்கும் துகளைப் பிடித்துவிடும். அதனால் முதல் ஆயில் ஆயிரத்தில் விஷமாகிவிடும் என்ற பயம் இந்த இன்ஜினுக்குத் தேவையில்லை.

ஆனால் முதல் ஆயில் அடுத்தடுத்து ஊற்றும் ஆயில்களைப் போலச் சுத்தமானதும் அல்ல. இது ஷோரூமில் சொல்லாத பாதி. புது இன்ஜினிலிருந்து முதன்முறையாக இறக்கும் ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மிக மெல்லிய மினுமினுப்பு தெரியும். ஃபில்டரை அறுத்து காகித மடிப்பை விரித்தால், அங்கங்கே பொடிப் பொடியாக உலோகம், கூடவே கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தடவும் சிலிகான் பசையின் துணுக்குகள். லேபில் கொடுத்துப் பரிசோதித்தாலும் முதல் ஆயிலில் இரும்பு, செம்பு, சிலிகான் மூன்றும் தூக்கலாகவே காட்டும், அடுத்த ஆயிலில் இறங்கிவிடும். ஃபில்டருக்குள் சிக்காத நுண்ணிய பொடி ஆயிலோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது இன்ஜினை உடனே கெடுக்காது. அப்படிக் கெடுக்குமென்றால் எந்தக் கம்பெனியும் 10,000 என்று எழுதி வாரண்டியும் கொடுக்காது. பத்து வருடம், பதினைந்து வருடம் வண்டியை வைத்து ஓட்டப்போகும் ஒருவர், முதல் ஆயிலை மட்டும் கொஞ்சம் முன்னால் இறக்கினால் நான் தடுக்க மாட்டேன். நான்கு வருடத்தில் மாற்றிவிடுகிற ஆளென்றால், வெறும் மினுமினுப்புக்காக அந்தக் காசைச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

இந்த ஆயிரம் கணக்கு நம் ஊரில் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு அம்பாசடரைவிட பைக்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்கு வீடு பைக். முதல் சர்வீஸ் ஐந்நூறிலோ ஆயிரத்துக்குள்ளோ வரும், ஆயிலை மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பற்கள் உரசிய பொடியும் கிளட்ச் தேய்ந்த தூளும் அதே ஒரு லிட்டரில் கரையும். பல வண்டிகளில் ஃபில்டர் என்று இருப்பதே ஒரு கம்பி வலைதான். உங்கள் காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், இன்ஜினுக்குத் தனி ஆயில். பைக் கணக்கை அப்படியே கொண்டுவந்து காரில் வைக்க முடியாது.

சரி, இத்தனை சொல்லிவிட்டு ஏன் ஆறு மாதத்தில் மாற்றச் சொல்கிறேன்? உங்கள் மூன்று கிலோமீட்டர்தான் காரணம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். காலையில் வண்டியை எடுத்ததும் சைலன்சர் நுனியில் சொட்டுச் சொட்டாக நீர் வடிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். பெரும்பகுதி ஆவியாக வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் ரிங் இடுக்கு வழியாகக் கீழே சேம்பருக்குள் இறங்கும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் சற்றுக் கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோலிலும் ஒரு சிறு பங்கு அதே வழியில் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். கவலை இல்லை. ஆனால் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் என்றால், கும்பகோணத்துக் காலை நெரிசலில் பத்து நிமிடம். அதற்குள் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் சரியாகிவிட்டது போலத் தெரியும். அது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலண்டின் சூடு. ஆயில் அதைவிடத் தாமதமாகத்தான் சூடேறும். நீங்கள் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஆயில் அப்போதுதான் வெதுவெதுப்பாகியிருக்கும். மாலையில் மறுபடி ஆறிய இன்ஜின், மறுபடி பத்து நிமிடம். இப்படியே வாரத்துக்கு ஆறு நாள். ஈரமும் பெட்ரோலும் உள்ளேயே தங்கித் தங்கி ஆயிலின் சத்தைக் குறைக்கும், அமிலத்தன்மையை ஏற்றும்.

கிலோமீட்டரை மட்டும் வைத்து ஆயிலைக் கணக்கிடுவதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி அறுபதில் ஓடுகிற வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்பது 170 மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். ஊருக்குள் சராசரி இருபதில் ஊர்கிற வண்டிக்கு அதே பத்தாயிரம் 500 மணி நேரம். ஆயிலுக்குத் தெரிந்தது மணி நேரமும் சூடும்தான், மீட்டர் அல்ல. உங்கள் கையேட்டிலேயே கடினமான பயன்பாடு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். அடிக்கடி குறுகிய தூரம், நின்று நின்று போகும் நெரிசல், புழுதி ரோடு, அதிக பாரம் என்று பட்டியல் போட்டு, அதற்கெல்லாம் சர்வீஸ் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டெலிவரி கொடுக்கும் அன்று ரிப்பன் வெட்டி, பூசணிக்காய் உடைத்து, போட்டோ எடுக்கிற அவசரத்தில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிக் காட்டுவதில்லை. உங்கள் கணவர் கையேட்டை நம்புகிறவர் என்றால் நல்லதுதான், அந்தப் பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுத்த கணக்கில் வருடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. அதனால் பத்தாயிரம் என்ற எண்ணையே மறந்துவிடுங்கள். உங்களுக்கு இனி எப்போதும் காலண்டர்தான் முந்தும். மாசியில் ஒரு ஆயில், அடுத்த ஆவணியில் மூன்றாவது சர்வீஸில் அட்டவணைப்படி ஒரு ஆயில். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக. தஞ்சாவூர்ப் பயணம் நின்றுபோய் வெறும் பள்ளி ஓட்டம் மட்டும் என்றாகிவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. உண்மையில் அம்மா வீட்டுக்குப் போகும் அந்த நாற்பது கிலோமீட்டர்தான் இப்போது உங்கள் ஆயிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. முடிந்தால் அதை வாரத்துக்கு ஒருமுறையாக்குங்கள். அம்மாவும் சந்தோஷப்படுவார்.

மாசி என்று நான் சொல்வதில் ஒரு சிக்கனமும் இருக்கிறது. ஆறாவது மாதம் எப்படியும் சர்வீஸுக்குப் போகத்தான் போகிறீர்கள். சர்வீஸின் கூலி இலவசம். அட்டவணையில் இல்லாத வேலை என்பதால் ஆயில் இறக்கக் கூலி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆயில், ஃபில்டர், டிரெயின் நட்டின் வாஷர், இவற்றுக்கு மட்டும் காசு, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் சமாச்சாரம். சர்வீஸ் அட்வைசர், "மேடம், இப்ப தேவையில்லையே" என்பார். அவர் சொல்வதும் தப்பில்லை, அவருக்கு அட்டவணைதான் தெரியும். "தினமும் மூன்று கிலோமீட்டர்தான் ஓடுகிறது, என் செலவில் மாற்றுங்கள்" என்று ஜாப் கார்டில் எழுத வைத்துவிடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

தெரு முனை மெக்கானிக்கிடம் மட்டும் இந்த வேலையை இப்போது கொடுக்காதீர்கள். அவர் கைத்திறமையைக் குறை சொல்லவில்லை. அந்தக் "கெட்டி ஆயில்" என்ற வார்த்தைதான் எனக்கு உதைக்கிறது. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 எல்லாம் பழைய இன்ஜின்களுக்கு. உங்கள் வண்டிக்கு 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில்தான் எழுதியிருப்பார்கள், கையேட்டில் சரிபாருங்கள். முதல் எண் குளிர்ந்த நிலையில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இன்றைய இன்ஜினில் பேரிங் இடைவெளி நெருக்கம், ஆயில் போகும் துளைகள் சிறியவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவியும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. கெட்டியாக ஊற்றினால் காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். ஆயில் போய்ச் சேராத அந்த நேரத்தில் தேய்மானம் கூடும். நாலு டிகிரி கூடுதல் வெயில் என்பதற்காகக் கெட்டி ஆயில் தேவையில்லை, நம் ஊர் வெயிலுக்கும் சேர்த்துத்தான் கம்பெனி அந்த எண்ணை எழுதியிருக்கிறது.

இன்னொரு பழக்கம், ஊற்றும் அளவு. உங்கள் இன்ஜினுக்கு மூன்று, மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். வெளிக்கடையில் நாலு லிட்டர் டப்பா வாங்கினால், மிச்சத்தை எங்கே வைப்பது என்று முழுவதையும் கவிழ்த்துவிடுகிறார்கள். அளவுக்கு மேல் போனால், இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரைத்த ஆயிலில் காற்று கலந்திருப்பதால் அழுத்தம் சரியாக நிற்காது. குறைவாக ஊற்றுவதைப் போலவே இதுவும் தப்பு. எங்கே மாற்றினாலும், மாற்றிய மறுநாள் காலை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிடுங்கள்.

முதல் சர்வீஸுக்குப் போகும்போதே ஒன்றிரண்டு பெயர்களை உங்கள் முன் வைப்பார்கள். இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் மருந்து, இன்ஜினுக்குக் கோட்டிங். அறுநூறு கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில் கழுவ என்ன இருக்கிறது? புது ஆயிலுக்குள்ளேயே தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மமும், அழுக்கைப் பிடித்து வைக்கும் சோப்புச் சத்தும் அளந்து கலந்துதான் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எஸ்டிமேட்டில் அடித்துவிடச் சொல்லுங்கள். நைட்ரஜன் காற்று, ஏ.சி. சுத்தம் என்று இன்னும் சில வரும். அதற்கும் இதே பதில்தான்.

இதை டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் படித்தால், உங்களுக்கு ஒரு வரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று சைலன்சர் பாதையில் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க வண்டி அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளிக்கும். குறுகிய ஓட்டமாகவே இருந்தால் அந்த எரிப்பு பாதியில் நின்று, தெளித்த டீசல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் ஏறுகிறதே, நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கொடைக்கானலுக்குத் தாராளமாகப் போங்கள். முதல் சர்வீஸ் முடித்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். ஆயிரம் கிலோமீட்டர் அநேகமாக அந்தப் பயணத்தில்தான் நிறையும். புது இன்ஜினுக்கு அது நல்லதே. திருச்சி திண்டுக்கல் நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் காலை அழுத்திக்கொண்டு போகாமல், எழுபதில் கொஞ்சம், தொண்ணூறில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது, நாலாவது கியரில் இழுக்க முடியாமல் முனகிக்கொண்டு போவதுதான் ஆயிலுக்கும் பேரிங்குக்கும் கஷ்டம். மூன்றுக்கோ இரண்டுக்கோ மாற்றிவிட வேண்டும், இன்ஜின் கொஞ்சம் சத்தம் போட்டால் பரவாயில்லை. முழு ஆக்சிலேட்டரை மட்டும் நீண்ட நேரம் அழுத்தக் கூடாது. இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். காலையில் லாட்ஜ் வாசலில் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுச் சூடேற்றுவதும் தேவையில்லை. அரை நிமிடம் போதும், அப்புறம் மெதுவாக நகர்த்திக்கொண்டே சூடேற்றலாம்.

பி.கு.வுக்கு வருகிறேன். பழுப்பானதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆயிலுக்குள் இருக்கும் சோப்புச் சத்து அழுக்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் நிறம் மாறுகிறது. நிறமே மாறாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பார்க்க வேண்டியது அளவு. சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவும்போது தெரிவதை நம்பாதீர்கள், குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்ததும் சேர்ந்து காட்டும். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி. மாதம் ஒருமுறை பார்த்து, பழைய அளவோடு ஒப்பிட்டு வாருங்கள். கீழ்க் கோட்டை நெருங்கினால் அதே வகை ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். மாறாக, யாரும் ஊற்றாமலே அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், மாசி வரைக்கும் காத்திருக்காமல் அந்த வாரமே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.